எண் பழையது, திருத்தம் புதியது: நீண்டகால ஆதரவு உண்மையில் எப்படி நடக்கிறது

கேள்வியின் சாரம் இது. டெபியன் 12 (லினக்ஸ் வழங்கல்களில், அதாவது லினக்ஸைத் தொகுத்துத் தரும் வடிவங்களில், ஒன்று) நிறுவிய சர்வர் ஒன்றில் தணிக்கைக்காகப் பாதுகாப்புச் சோதனைக் கருவி ஒன்றை ஓட்டியபோது, அதிலுள்ள, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் நிரலான ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.2 பழைய பதிப்பு என்றும் 2024-இல் வெளிவந்த ஆபத்தான ஓட்டை அதில் இருக்கிறது என்றும் அறிக்கை வந்திருக்கிறது. டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் எத்தனை முறை புதுப்பித்தாலும் எண் 9.2-லேயே நிற்கிறது. மூலநிரலை இறக்கி நாமே கம்பைல் செய்து நிறுவிக்கொள்ளலாமா, ஐந்தாண்டு ஆதரவு என்று சொல்லிவிட்டுப் பழையதையே தருவது என்ன ஆதரவு என்பது கேள்வி.

கம்பைல் செய்ய வேண்டாம். முதலில் நிறுவப்பட்டிருக்கும் பொதியின் (வழங்கல் கட்டித் தரும் நிரல் தொகுப்பின்) முழு எண்ணையும் பாருங்கள். அது 1:9.2பி1-2+டெப்12யு3 என்றோ அதற்குப் பிந்தையதாகவோ இருந்தால், அந்த ஓட்டை உங்கள் சர்வரில் ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. இந்த எண்ணில் கோலனுக்கு முன்னால் இருக்கும் 1, எண்முறை மாறும்போது வரிசை குலையாமல் இருக்க டெபியன் வைத்துக்கொள்வது. அடுத்து வரும் 9.2பி1 என்பது மூல உருவாக்குநர்கள் தந்த எண். இடைக்கோட்டுக்குப் பின்னால் இருப்பவை முழுக்க டெபியன் பராமரிப்பாளரின் கணக்கு: அந்த மூலத்தின் மேல் இரண்டாவது முறை உருவாக்கிய பொதி, டெபியன் 12-இன் நிலைப் பதிப்புக்காக (பெரிய மாற்றமின்றிக் காக்கப்படும் வெளியீட்டுக்காக) மூன்றாம் முறை திருத்தப்பட்டது. சோதனைக் கருவி முன்பாதியை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பதில் இருப்பதோ பின்பாதியில். இத்தனைக்கும் டெபியனின் ஓபன்எஸ்எஸ்ஹெச், இணைப்பு வரும்போது காட்டும் முதல் வரியிலேயே தன் பின்பாதியையும் சேர்த்து அறிவிக்கிறது. ரெட் ஹேட் குடும்பத்து வழங்கல்களில் அந்த வசதி இல்லை, ஆகவே வெளியிலிருந்து பார்க்கும் கருவிக்கு அங்கே ஊகிப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

அறிக்கை குறிப்பிடும் ஓட்டை சிவிஇ-2024-6387 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரப்படும் பொதுப் பட்டியல் எண்). குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024 ஜூலை 1 அன்று இதை வெளியிட்டார்கள். உள்நுழைவதற்குத் தரப்படும் அவகாசம், இயல்பாக 120 நொடி, முடிந்ததும் எஸ்எஸ்ஹெச் சர்வர் ஒரு சிக்னல் கையாளியை, அதாவது நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் நிரல்பகுதியை, இயக்குகிறது. அந்தக் கையாளிக்குள் பதிவேட்டில் எழுதும் செயற்கூறு ஒன்று அழைக்கப்படுகிறது. சிக்னல் வந்த நேரத்தில் நினைவக ஒதுக்கீடு பாதியில் நின்றிருந்தால் அதைத் தாக்குபவர் பயன்படுத்திக்கொள்ள முடியும். இதே குறை 2006-இல் ஒருமுறை கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டதுதான். 2021-இல் வெளிவந்த 8.5பி1 பதிப்புக்கான மாற்றங்களில் அந்தப் பழைய பாதுகாப்பு வரி தவறுதலாக நீக்கப்பட்டதால் திரும்ப வந்தது. மூலத்தில் 9.8பி1 பதிப்பில் அது மூடப்பட்டது. அதே ஜூலை 1 அன்றே டெபியன் தன் 9.2பி1-க்குள் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்து, மேற்சொன்ன யு3 பொதியை வெளியிட்டது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெபியன் 11-இல் இருந்த 8.4பி1-இல் இந்தக் குறை வரவே இல்லை. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் இருந்த 8.0பி1-உம் தப்பித்தது. அதாவது எண் ஏறஏறப் பாதுகாப்பு கூடும் என்ற கணக்கு இந்த நிகழ்வில் நேர்மாறாக இருந்தது.

புதிய பதிப்பிலிருந்து திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்புக்குள் பொருத்தும் இந்த வேலையைத்தான் பேக்போர்ட்டிங் என்கிறோம். நீண்டகால ஆதரவு தரும் வழங்கல் எதுவானாலும் அதன் உழைப்பில் பெரும்பகுதி இதிலேயே கழிகிறது. புதிய பதிப்பையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஓபன்எஸ்எஸ்ஹெச்சையே எடுத்துக்கொள்வோம். 8.8 பதிப்பில், பலவீனமாகிவிட்ட ஷா-1 கணிப்புமுறையின் அடிப்படையிலான ஆர்எஸ்ஏ கையொப்பங்கள் இயல்பாக முடக்கப்பட்டன. அது சரியான முடிவு. ஆனால் நிலைப் பதிப்பின் வாழ்நாளுக்கு நடுவே, ஒரு பாதுகாப்புத் திருத்தத்தோடு ஒட்டிக்கொண்டு அந்த மாற்றமும் வந்திறங்கியிருந்தால், பழைய ரௌட்டர்களுக்கும் சேமிப்பகக் கருவிகளுக்கும் இரவோடு இரவாக உள்நுழைய முடியாமல் போயிருக்கும். அதன் பிறகு நிர்வாகிகள் என்ன செய்வார்கள்? பாதுகாப்புப் புதுப்பித்தலையே நிறுத்திவைப்பார்கள். புதுப்பித்தால் எதுவும் உடையாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் தானியங்கிப் புதுப்பித்தலை யாரும் இயக்கிவைப்பார்கள். எண்ணை உறைய வைப்பதன் நோக்கம் அந்த நம்பிக்கையைக் காப்பதுதான்.

பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளில் இது இன்னும் கடுமையாகிறது. குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 1.1 தொடரிலிருந்து 3 தொடருக்கு மாறும்போது லைப்ரரியின் இணைப்புப் பெயரே மாறுகிறது; பழையதோடு இணைக்கப்பட்ட நிரல் ஒவ்வொன்றையும் திரும்பக் கட்ட வேண்டும், சிலவற்றின் மூலநிரலையே திருத்த வேண்டும். டெபியன் 12-இல் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. அவற்றில் அடித்தளத்தில் இருக்கும் ஒன்றின் இடைமுகத்தை மாற்றுவது அடுத்த பெரும் வெளியீட்டுக்கான வேலை, செவ்வாய்க்கிழமைக் காலையில் வரும் புதுப்பித்தலுக்கானது அல்ல.

இதே பகிர்வுதான் பொதி முறையின் பெரிய பலமும்கூட. 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, ஓபன்எஸ்எஸ்எல் திட்டம் 1.0.1ஜி என்ற பதிப்பை வெளியிட்டது. டெபியன் 7-இல் இருந்தது 1.0.1இ. அங்கே எண் 1.0.1இ-ஆகவே இருக்க, 1.0.1இ-2+டெப்7யு5 என்ற பொதி வந்தது; டெபியனிலிருந்து பிறந்த வழங்கலான உபுண்டு 12.04-இல் 1.0.1-4உபுண்டு5.12 வந்தது. அந்த ஒரே பொதியைப் புதுப்பித்தவுடன் அதைப் பகிர்ந்துகொண்ட வலைச் சர்வர், அஞ்சல் சர்வர், விபிஎன் எல்லாவற்றுக்கும் திருத்தம் கிடைத்தது. அந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்தால் போதும். மறுதொடக்கம் என்ற பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வட்டில் லைப்ரரி மாறினாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய நகலையே நினைவகத்தில் வைத்திருக்கும். நீட்ரீஸ்டார்ட் என்ற பொதியை நிறுவினால் எந்தெந்தச் சேவைகள் பழைய லைப்ரரியோடு ஓடுகின்றன என்று அது காட்டும். எல்லாச் சர்வர்களிலும் அது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பராமரிப்பாளர் மூலநிரலில் கைவைப்பதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2006 செப்டம்பரில் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், நினைவகச் சோதனைக் கருவியின் எச்சரிக்கையை நீக்குவதற்காகச் செய்யப்பட்ட ஒரு மாற்றம், சீரற்ற எண்களை உருவாக்கும் பகுதிக்குள் போக வேண்டிய தரவை நிறுத்திவிட்டது. மிஞ்சியது ஓடும் நிரலுக்குத் தரப்படும் செயல்முறை எண் மட்டுமே, அதற்குச் சாத்தியமான மதிப்புகளோ ஏறத்தாழ 32,000. 2008 மே 13 அன்று இது வெளியிடப்படும் வரை டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தப் பொதியால் உருவான சாவிகள் எல்லாம் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. பேக்போர்ட் செய்பவர் திருத்தத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் வரிகளை மட்டும் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை. இன்றைக்கு மாற்றங்கள் தனித்தனித் திருத்தக் கோப்புகளாக, காரணக் குறிப்போடு, எவரும் படிக்கும்படி வைக்கப்படுகின்றன என்பதும், எவ்வளவு குறைவாக மாற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற மனப்பான்மை பராமரிப்பாளர்களிடம் வேரூன்றியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் ஆபத்து முழுவதுமாக விலகிவிடவில்லை.

அடுத்து, ஐந்தாண்டு ஆதரவு என்பதன் பொருள். இந்தச் சொற்றொடருக்குள் ஒவ்வொரு திட்டமும் வேறு வேறு உறுதிமொழிகளை வைத்திருக்கிறது. டெபியனில் முதல் மூன்று ஆண்டுகள் பாதுகாப்புக் குழுவின் பொறுப்பு. அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளை எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்ற தனிக் குழு ஏற்கிறது. 2014-இல் டெபியன் 6-ஓடு தொடங்கிய இந்த ஏற்பாட்டில் வேலை செய்பவர்களில் பலருக்கு, நிறுவனங்களிடமிருந்து திரட்டிய நிதியிலிருந்து ஊதியம் தரப்படுகிறது. எல்லாப் பிராசஸர் வகைகளுக்கும் எல்டிஎஸ் கிடைப்பதில்லை, எல்லாப் பொதிகளுக்கும் கிடைப்பதில்லை. உங்கள் கணினியில் ஆதரவு நீங்கிய பொதி ஏதாவது இருக்கிறதா என்று அறிய டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட் என்ற பொதியை நிறுவி அதன் சோதனைக் கட்டளையை ஓட்டலாம்.

உபுண்டுவில் கவனிக்க வேண்டியது வேறு. 2006-இல் வந்த 6.06 தான் அதன் முதல் எல்டிஎஸ். அப்போது டெஸ்க்டாப்புக்கு மூன்று ஆண்டு, சர்வருக்கு ஐந்து ஆண்டு. 12.04 முதல் இரண்டுக்கும் ஐந்து ஆண்டு. ஆனால் அந்த ஐந்தாண்டு உறுதிமொழி மெயின் என்ற களஞ்சியப் பகுதிக்கானது. யுனிவர்ஸ் பகுதியில் உள்ளவற்றுக்குச் சமூகத்தினரால் முடிந்த அளவே திருத்தம் வரும். உறுதியான பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமென்றால் உபுண்டு ப்ரோவில் இணைய வேண்டும். தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை அது இலவசம். எஃப்எஃப்எம்பெக், நோட்ஜேஎஸ் போன்ற பரவலாகப் பயன்படும் நிரல்களும் யுனிவர்ஸில்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. எல்டிஎஸ் நிறுவியிருக்கிறோம், ஆகவே எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பி, வெளியுலகிலிருந்து வரும் வீடியோ கோப்புகளைப் பிரித்துப் பார்க்கும் ஒரு நிரலை ஆண்டுக்கணக்கில் திருத்தமின்றி ஓட்டுகிறார்கள். ப்ரோவின் செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ் கட்டளை எந்தப் பொதி எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று கணக்குக் காட்டும். உபுண்டு பயன்படுத்தும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அதை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் பத்தாண்டு தருகிறது. அதில் முதல் ஐந்தாண்டு முழு ஆதரவு. பிந்தைய ஐந்தாண்டில் புதிய வசதிகள் வருவதில்லை, முக்கியமான திருத்தங்கள் மட்டுமே வரும். அதன் மூலநிரலை மறுபடி கட்டி இலவசமாகத் தந்த சென்ட்ஓஎஸ் 8-க்கு நேர்ந்தது இந்தத் துறையில் எவரும் மறக்கக் கூடாதது. 2029 வரை வரும் என்று எண்ணி நிறுவியவர்களுக்கு, 2020 டிசம்பர் 8 அன்று, 2021 இறுதியோடு அது முடியும் என்று அறிவிக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப எழுந்த வழங்கல்களே அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். ஆதரவுக் காலம் என்பது யாரோ ஒருவர் செய்யும் வேலை. அந்த வேலைக்கு யார் பணம் தருகிறார்கள், அவர்களை அதோடு பிணைத்து வைத்திருப்பது எது என்பதைக் கேட்காமல் ஆண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது பயன் தராது. லினக்ஸுக்கு வெளியே, ஓபன்பிஎஸ்டி இந்தப் போட்டிக்கே வருவதில்லை: ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, கடைசி இரண்டு வெளியீடுகளுக்கு மட்டும் திருத்தம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சிறிய குழுவுக்கு அதுவும் நேர்மையான ஓர் ஏற்பாடுதான்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் பொறுத்தவரை வழங்கல்களுக்குள்ளேயே இரண்டு சிந்தனைப் போக்குகள் உண்டு. ரெட் ஹேட் 8-இன் கெர்னலுக்குப் பெயர் 4.18, அந்த மூலப் பதிப்பு 2018 ஆகஸ்டில் வந்தது. பெயர் மாறாமலே, பின்னர் வந்த கெர்னல்களிலிருந்து ஆயிரக்கணக்கான மாற்றங்கள் அதற்குள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன; வெளியாரின் இயக்கிகள் (டிரைவர்கள்) உடையாமல் இருக்க, குறிப்பிட்ட உள் இடைமுகங்கள் மாறாமல் காக்கப்படுகின்றன. டெபியன் 12 வேறு வழியில் போகிறது: கெர்னல் உருவாக்குநர்களே பராமரிக்கும் 6.1 நீண்டகாலத் தொடரை அப்படியே பின்பற்றி, அதன் மூன்றாவது எண் ஏறும்போது தானும் ஏறிக்கொள்கிறது. என் கணிப்பில் கெர்னலுக்கு இரண்டாவது வழியே மேல். கெர்னலில் பாதுகாப்புத் திருத்தம் எது, சாதாரணப் பிழைத்திருத்தம் எது என்று பிரிப்பது மிகக் கடினம். பொறுக்கியெடுப்பவர் கண்ணுக்கு எளிதாகத் தோன்றிய ஒன்றை விட்டுவிட்டால் அதுவே ஓட்டையாக நிற்கும். ஆனால் அந்த வழி மூலக் குழுவின் கால அட்டவணையோடு கட்டுண்டது. 2017-இல் நீண்டகாலத் தொடர்களுக்கு ஆறு ஆண்டு என்று நீட்டித்தார்கள். பராமரிப்பாளர்களின் சுமை தாங்காமல், 2023-இல் இனி இரண்டாண்டுதான் என்று அறிவித்தார்கள். தேவையைப் பொறுத்துச் சில தொடர்களின் காலம் கூடுவதும் உண்டு. மின்நிலையங்கள், ரயில் கட்டுப்பாடு போன்றவற்றுக்கு அது போதாது என்பதால்தான் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2016-இல் தொடங்கிய சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம், தேர்ந்தெடுத்த சில கெர்னல்களைப் பத்தாண்டுகளுக்குப் பராமரிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

எண்ணை உறைய வைக்கும் கொள்கை தோற்றுப்போன இடம் உலாவி. ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரல் மாறும் வேகத்தில், தனித்தனித் திருத்தங்களைப் பழைய பதிப்புக்குள் இழுத்துவருவது எந்தத் தன்னார்வக் குழுவாலும் முடியாத காரியம். ஆகவே டெபியன் அதன் நீண்ட ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆரையே ஏற்றுக்கொண்டு, நிலைப் பதிப்புக்குள்ளேயே 102, 115, 128 என்று ஏறிவந்தது. புதிய இஎஸ்ஆரைக் கட்டுவதற்குப் புதிய ரஸ்ட் கம்பைலர் வேண்டும். அதையும் நிலைப் பதிப்புக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. குரோமியமும் அப்படியே.

ரஸ்ட், கோ மொழிகளில் எழுதிய நிரல்கள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. அவை தமக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தமக்குள்ளேயே வைத்துக் கட்டப்படுபவை. அப்படி உள்ளே போன ஒரு லைப்ரரியில் ஓட்டை என்றால், ஹார்ட்பிளீட் நாளில் ஒரே பொதியால் தீர்ந்த வேலை இங்கே தீராது. அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு நிரலையும் மறுபடி கட்டி வெளியிட வேண்டும். நிரலையும் அதன் லைப்ரரிகளையும் ஒன்றாக அடைத்துத் தரும் ஃபிளாட்பேக், ஸ்னாப், கன்டெய்னர் படிமங்கள் எல்லாவற்றிலும் இதே கேள்வி வருகிறது: உள்ளே அடைபட்டிருக்கும் லைப்ரரியை யார் திருத்துவார்? டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட கன்டெய்னர் படிமம், கட்டப்பட்ட நாளில் இருந்த நிலையிலேயே நிற்கும். அடித்தள வழங்கலின் பாதுகாப்புக் குழு எத்தனை திருத்தம் வெளியிட்டாலும், நீங்கள் படிமத்தை மறுபடி கட்டும் வரை அவை உள்ளே போவதில்லை. நடைமுறையில் நான் காணும் திருத்தப்படாத ஓட்டைகளில் பெரும்பான்மை இந்த இடத்திலிருந்து வருபவை, ஆப்ட் தரும் பழைய எண்களிலிருந்து அல்ல.

இனி, நீங்களே கம்பைல் செய்வதைப் பற்றி. மூலத்திலிருந்து கட்டிய ஓபன்எஸ்எஸ்ஹெச்சும் டெபியன் தருவதும் ஒன்றல்ல. இணைப்பு வரும் முகவரியைப் பார்த்துத் தடுக்கும் டிசிபி ராப்பர்ஸ் ஆதரவை மூலத் திட்டம் 2014-இல் வந்த 6.7 பதிப்பிலேயே நீக்கிவிட்டது. டெபியன் அதைத் தன் திருத்தமாகத் தக்கவைத்திருக்கிறது. எந்தெந்த முகவரிகளிலிருந்து உள்நுழையக் கூடாது என்று ஹோஸ்ட்ஸ்.டினை கோப்பில் எழுதிவைத்திருப்பவர், தாமே கட்டிய சர்வரை அதன் இடத்தில் ஓட்டினால், அந்தத் தடை எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் செயலற்றுப்போகும். ஓட்டையை அடைக்கப்போய்க் கதவைத் திறந்துவிட்டதாக முடியும். அதைவிடப் பெரியது அடுத்த ஓட்டை வரும் நாள். ஆப்டுக்கு உங்கள் நகலைப் பற்றி எதுவும் தெரியாது. பாதுகாப்பு அறிவிப்பைப் படித்து, இறக்கி, கட்டி, நிறுவும் பொறுப்பு அந்தச் சர்வர் ஓடும் காலம் முழுவதும் உங்களுடையது, உங்களுக்குப் பின் அதைப் பார்த்துக்கொள்பவருடையது.

வழங்கல்களின் கூடுதல் திருத்தங்களால் தீங்கு வரவே வராதா என்றால், 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்திய எக்ஸ்இசட் என்ற சுருக்க லைப்ரரியில் மறைத்துவைக்கப்பட்ட பின்கதவைச் சொல்ல வேண்டும். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு நிலை தெரிவிப்பதற்காகச் சில வழங்கல்கள் எஸ்எஸ்ஹெச் சர்வரில் சேர்த்த இணைப்பின் வழியாகத்தான் அந்தச் சுருக்க லைப்ரரி உள்ளே வந்தது. மூல ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் அந்தப் பாதையே கிடையாது. பின்னர் 9.8-இல் அந்த லைப்ரரியைச் சாராமலே நிலை தெரிவிக்கும் வழியை மூலத் திட்டமே சேர்த்தது. அதே நேரத்தில், பின்கதவு இருந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளை வரை வந்தனவே தவிர, 5.4.1-இல் நின்ற நிலைப் பதிப்பைத் தொடவில்லை. புதியதை உடனே எடுக்காத கொள்கை அன்று எண்ணற்ற சர்வர்களைக் காத்தது.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது: ஆப்டின் சேஞ்ச்லாக் கட்டளையால் ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர் பொதியின் மாற்றக் குறிப்பைத் திறந்து, அதில் சிவிஇ-2024-6387 என்று தேடுங்கள், ரெட் ஹேட் போன்று ஆர்பிஎம் பொதிகளைப் பயன்படுத்தும் வழங்கல்களிலும் இதற்கு இணையான வினவல் உண்டு. டெபியனின் செக்யூரிட்டி ட்ராக்கர் தளத்தில் அதே எண்ணை இட்டால், எந்த வெளியீட்டில் எந்தப் பொதி எண்ணில் சரியானது என்ற அட்டவணை கிடைக்கும். இரண்டையும் அறிக்கையோடு இணைத்து, இது பேக்போர்ட் செய்யப்பட்டது என்று தணிக்கையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். சோதனைக் கருவிக்குச் சர்வருக்குள் உள்நுழைந்து பொதிப் பட்டியலைப் படிக்க அனுமதி கொடுத்தால் இந்தத் தவறான எச்சரிக்கைகளில் பெரும்பகுதி தானே மறையும்.

புதிய வசதிக்காகவே புதிய பதிப்பு வேண்டுமென்றால், புதிய பதிப்புகளையே நிலைப் பதிப்புக்காகக் கட்டித் தரும் டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பாதுகாப்புக் குழுவின் முறையான பொறுப்பு இல்லை என்பதை அறிந்துகொண்டு எடுங்கள். உங்கள் தொழிலே ஒரு தரவுத்தளத்தைச் சார்ந்தது என்றால் அதை மட்டும் மூலத் திட்டத்தின் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்து எடுப்பதும் நியாயமே. ஒன்றிரண்டுக்கு அப்படிச் செய்யலாம், இருபதுக்குச் செய்யக் கூடாது.

டெபியன் 12-க்குப் பாதுகாப்புக் குழுவின் பொறுப்பு 2026 ஜூன் 10 வரை. எல்டிஎஸ் 2028 ஜூன் 30 வரை. டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்ட் 9 அன்று. ஒரு வெளியீட்டைத் தாண்டிக் குதிப்பதை டெபியன் ஆதரிப்பதில்லை. 12-லிருந்து 13, அதன் பிறகே 14. எனவே எல்டிஎஸ் முடியும் நாள் வரை காத்திருந்தால் இரண்டு மேம்படுத்தல்களை அடுத்தடுத்துச் செய்ய நேரலாம். சர்வரின் நகல் ஒன்றை எடுத்து அதில் 13-க்கான மேம்படுத்தலை ஒத்திகை பார்ப்பதற்கு இந்தத் தணிக்கை நல்ல வாய்ப்பு. வெளியீட்டுக் குறிப்புகளில் ஓபன்எஸ்எஸ்ஹெச் பற்றிய பகுதியை, குறிப்பாகப் பழைய வகையான டிஎஸ்ஏ சாவிகளுக்கான ஆதரவு நீக்கப்பட்டதை, முதலில் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.